விடை வந்த பிறகும் வேலை இருக்கிறது

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில், சிவில் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"புதிய தொழில்நுட்பங்களும் பொறியாளரும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். மெஷின் நம் வேலையை விழுங்கிவிடும் என்று பயமுறுத்துவார்கள். அல்லது எல்லாம் நல்லதுக்குத்தான் என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். என்னால் இரண்டும் முடியாது. நான் கட்டடங்களுக்கு டிசைன் கணக்குப் போடுகிற ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர். எனக்குத் தெரிந்தது கான்கிரீட்டும் கம்பியும்தான். அந்தத் தொழிலில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். அவற்றிலிருந்து என் வயதுக்காரர்களுக்கு என்ன கடமை வருகிறது என்பதையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

கருவி மாறுவது நம் தொழிலுக்குப் புதிதல்ல. முன்வரிசையில் இருக்கும் மூத்தவர்களில் சிலர் ஸ்லைடு ரூல் பிடித்தவர்கள். 1972-இல் எச்.பி.-35 என்ற கால்குலேட்டர் 395 டாலர் விலையில் வந்தது. சில வருடங்களிலேயே ஸ்லைடு ரூல் அலமாரிக்குப் போய்விட்டது. 1982-இல் ஆட்டோகேட் வந்தது. டிராயிங் போர்டு மூலைக்குப் போனது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. இப்போது சைட்டுக்கு எழுதும் கடிதத்திலிருந்து கணக்குக்கான புரோகிராம் வரைக்கும் மெஷினே எழுதித் தருகிறது. ஒவ்வொரு முறையும் கை வேலை குறைந்தது. ஆனால் "இந்த விடை சரிதானா?" என்று கேட்கிற வேலை மட்டும் குறையவே இல்லை. அது கூடிக்கொண்டேதான் வந்திருக்கிறது.

முதல் சம்பவம் அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் நடந்தது. அங்கே பெரிய உள்விளையாட்டு அரங்கம் ஒன்று கட்டினார்கள். 300 அடிக்கு 360 அடி அளவில் இரும்புச் சட்டகக் கூரை. 1970-களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டரை நம்பிச் செய்த டிசைன். கூரையைத் தரையிலேயே கோத்து, பிறகு மேலே தூக்கி நிறுத்தினார்கள். அளந்து பார்த்தால், கணக்கில் சொன்னதைப் போல இரண்டு மடங்கு தொய்வு இருந்தது. விஷயத்தை டிசைன் செய்தவர்களிடம் சொன்னார்கள். கணக்குக்கும் நடைமுறைக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும் என்று பதில் வந்தது. ஓரத் தகடு பொருத்தியவர்களும் சட்டகம் தொய்ந்து கிடப்பதால் தகடு உட்கார மாட்டேன் என்கிறது என்றார்கள். எப்படியாவது பொருத்துங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

1978 ஜனவரி 18, விடிகாலை 4.15 மணி. பனி பெய்திருந்த கூரை மொத்தமாகக் கீழே விழுந்தது. சில மணி நேரத்துக்கு முன்புதான் சுமார் 5,000 பேர் அதே கூரைக்கு அடியில் கூடைப்பந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை. அது வெறும் அதிர்ஷ்டம். விசாரணையில் தெரிந்தது இதுதான்: அழுத்தத்தைத் தாங்க வேண்டிய கம்பிகளுக்கு நடுவில் நல்ல பிடிமானம் இருப்பதாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். கட்டிய கூரையில் அந்தப் பிடிமானம் சரியாக இல்லை. கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. அது வேறு ஒரு கூரைக்குக் கணக்குச் சொன்னது.

இரண்டாவது சம்பவம் நார்வேயில். வட கடலில் 82 மீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டிய ஸ்லைப்னர்-ஏ என்ற எரிவாயு மேடை. அதன் அடிப்பகுதி முழுக்கக் கான்கிரீட். 24 அறைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிய மாபெரும் அமைப்பு. அறைகள் சந்திக்கும் மூலைச் சுவர்களில் வரும் விசையை ஃபைனைட் எலிமென்ட் முறையில் கம்ப்யூட்டர் கணக்கிட்டது. அந்த இடத்தில் மாடலைச் சரியாகப் பிரிக்காததால், வெட்டு விசை 47 சதவீதம் குறைவாக வந்துவிட்டது. சுவர் போதிய கனமில்லாமல் அமைந்தது. கம்பிக்கும் அங்கே போதிய பிடிப்பு இல்லை. 1991 ஆகஸ்ட் 23 அன்று, ஸ்டாவங்கர் நகருக்குப் பக்கத்துக் கடல்நுழைவில் மேடையை மெல்ல மெல்ல நீரில் இறக்கிச் சோதித்தார்கள். 65 மீட்டர் நீரின் அழுத்தத்தில் சுவர் பிளந்தது. மேடை மூழ்கி, அடியில் மோதி நொறுங்கியது. நஷ்டம் சுமார் 70 கோடி டாலர். மேலே இருந்தவர்கள் அத்தனை பேரும் தப்பித்துவிட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு அதே ஃபைனைட் எலிமென்ட் முறையில், இன்னும் கவனமாக மாடல் செய்து பார்த்தார்கள். 62 மீட்டரில் உடையும் என்று வந்தது! நிஜத்தில் உடைந்தது 65-இல். ஆக, கருவியால் சரியான விடை சொல்ல முடிந்தது. முதல் முறை அதனிடம் கேட்ட விதம்தான் போதவில்லை. வந்த விடையைப் பார்த்து "இந்த மூலையில் இவ்வளவு குறைவா?" என்று யாரும் பிடித்துக் கேட்கவும் இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என் மனதில் அதிகம் பதிந்தது. தாமதமாகிற ஒவ்வொரு நாளுக்கும் சுமார் 10 லட்சம் டாலர் நஷ்டம் என்ற நிலை. கம்ப்யூட்டர் கணக்கை முழுதாகத் திருத்திக்கொண்டு வர நேரமில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? இருபது வருடத்துக்கு முன்னால் இதே வகை மேடைகளை முதன்முதலாகக் கட்டியபோது பயன்படுத்திய ஸ்லைடு ரூல் காலத்துக் கை முறையிலேயே புது டிசைனைப் போட்டார்கள். புதிய கம்ப்யூட்டர் விடைகள் வந்து சேர்வதற்குள் டிசைன் முடிந்து, பெரும்பகுதி கட்டியும் முடித்துவிட்டார்கள். 1993 ஏப்ரலில் புது அடித்தளத்தின் மேல் தளம் ஏறிவிட்டது.

எப்படி முடிந்தது? கையால் கணக்குப் போடும் பயிற்சி 1991-இல் அங்கே இன்னும் உயிரோடு இருந்தது. அந்த முறையை அறிந்தவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள்.

அன்பர்களே, நான் இன்று கேட்க வந்த கேள்வி இதுதான். இதே மாதிரி ஒரு நெருக்கடி நம் தொழிலில் 2045-இல் வந்தால், அப்போது யார் இருப்பார்கள்?

என் போன்ற முப்பது வயதுக்காரர்கள் ஸ்லைடு ரூலைத் தொட்டதில்லை. ஆனால் இங்கே இருக்கும் பேராசிரியர்கள் எங்களை விடவில்லை. மொமென்ட் டிஸ்ட்ரிபியூஷன் கணக்கைப் பக்கம் பக்கமாகக் கையால் போடவைத்தார்கள். "எதுக்கு சார் இது, சாஃப்ட்வேர்தான் இருக்கே?" என்று நாங்கள் முணுமுணுத்ததும் உண்டு. வேலைக்குப் போன புதிதில் கம்பி அட்டவணை தயாரிப்பது, அளவு எடுப்பது, பிறர் வரைந்த டிராயிங்கைச் சரிபார்ப்பது என்று சலிப்பான வேலைகள்தான் எங்கள் தலையில் விழுந்தன. ஆனால் அந்தச் சலிப்பில்தான் கண் பழகியது. ஒரு டிராயிங்கைப் பார்த்ததும் "இந்தத் தூண் ஒல்லியா இருக்கே" என்று தோன்றுவது புத்தகத்தில் வருவதில்லை, அங்கேதான் வந்தது.

இன்று மெஷின் முதலில் எடுத்துக்கொள்வது இந்தப் புதியவர் வேலைகளைத்தான். நிர்வாகத்துக்கு மிச்சம். எங்களுக்கும் வசதி. ஆனால் அந்தப் படிக்கட்டை எடுத்துவிட்டால் அடுத்தவர்கள் எப்படி மேலே ஏறுவார்கள்?

இது நம் துறையோடு நிற்கவில்லை. 2023-இல் நியூயார்க் நகரின் ஒரு வழக்கில், வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த முன்தீர்ப்புகளை மனுவில் எழுதிக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட தீர்ப்புகளே கிடையாது! 5,000 டாலர் அபராதம். இத்தகைய கருவியை உதவிக்கு எடுப்பதில் தவறில்லை, ஆனால் மனுவில் இருப்பது உண்மைதானா என்று காவல் காக்கும் பொறுப்பு வழக்கறிஞருடையது என்பதே அங்கே நீதிபதி சொன்னதன் சாரம். நமக்கும் அதுதான். தவறான விடையும் சரியான விடையைப் போலவே அழகாக அச்சாகி வருகிறது.

சரி, என்ன செய்யலாம்? மூன்று பழக்கங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பொத்தானை அழுத்துவதற்கு முன் உங்கள் உத்தேசத்தைக் காகிதத்தில் எழுதுங்கள். 10 மீட்டருக்கு 10 மீட்டர் தளம், 150 மில்லிமீட்டர் கனம். 15 கன மீட்டர். கன மீட்டருக்கு இரண்டரை டன் என்றால் தளத்தின் எடை 37.5 டன். சாஃப்ட்வேர் 3.75 என்று காட்டினால் எங்கோ அலகு மாறியிருக்கிறது என்று அர்த்தம். அதே போல, ஐ.எஸ். 456-இன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில், இரு முனையிலும் தாங்கி நிற்கும் பீமுக்கு நீளத்தில் இருபதில் ஒரு பங்கு, ஒரு முனை மட்டும் பிடித்த பீமுக்கு ஏழில் ஒரு பங்கு என்று ஆழத்துக்கு அடிப்படை விகிதம் இருக்கிறது. 6 மீட்டர் பீமுக்கு 300 மில்லிமீட்டரிலிருந்து யோசிக்கத் தொடங்கலாம். மனக்கணக்குதான், அரை நிமிடம் ஆகாது. ஆனால் விடையோடு பேச்சுவார்த்தை நடத்த உங்களிடம் ஒரு எண் இருக்கும்.

இரண்டாவது, சைட்டிலிருந்து வரும் போனை எடுங்கள். "சார், கம்பி ரொம்ப நெருக்கமா இருக்கு, ஜல்லி இறங்காது போல" என்று மேஸ்திரி சொன்னால், "மாடல்ல சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி வைத்துவிடாதீர்கள். ஹார்ட்ஃபோர்ட்டில் கூரை முன்கூட்டியே பேசியது. கேட்கத்தான் ஆள் இல்லை. தலைமை என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், உங்களுக்குக் கீழே இருக்கும் மிகச் சிறியவரும் "இது சரியாப் படலை சார்" என்று பயமில்லாமல் உங்களிடம் வந்து சொல்லும்படி நடந்துகொள்வதுதான்.

மூன்றாவது, இது என் வயதுக்காரர்களுக்கு. புதிதாகச் சேர்ந்தவருக்கு மாதம் ஒரு பீம், ஒரு தூண் கையால் போடக் கொடுங்கள். சாஃப்ட்வேர் விடையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். வித்தியாசம் வந்தால் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். எங்கள் அலுவலகத்தில் இதைச் செய்கிறோம். "பில் போட முடியாத நேரம்" என்று மேலிடத்தில் கேட்கத்தான் செய்கிறார்கள். நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்வதும் தலைமைப் பொறுப்பில் சேர்ந்ததே.

மூத்தவர்களுக்கு ஒரு விண்ணப்பம். "எங்க காலத்துல இதெல்லாம் கிடையாது" என்று புதுக் கருவியை ஒதுக்காதீர்கள். உங்கள் கண்ணும் எங்கள் கருவியும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால்தான் பலன். தம்பி தங்கையரே, இன்டர்வியூவில் என்ன சாஃப்ட்வேர் தெரியும் என்றுதான் கேட்பார்கள். கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள், அதில் தயக்கமே வேண்டாம். ஆனால் அந்தப் பெயர்கள் உங்கள் பணிக்காலத்தில் பல முறை மாறும். சுமை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்ற அறிவு மாறாது.

சங்கத்துக்கு ஒரு கோரிக்கையோடு முடிக்கிறேன். வருடத்தில் ஒரு சனிக்கிழமை முன்னாள் மாணவர்கள் நான்கு பேர் வந்து, தங்கள் துறையில் பழுதாகிப்போன ஒரு வேலையின் கணக்கைக் கரும்பலகையில் கையால் போட்டு, எங்கே பிடித்திருக்கலாம் என்று மாணவர்களோடு உட்கார்ந்து பேசலாம். சிவில் மட்டுமல்ல, எல்லாத் துறையும். செலவு ஒன்றும் பெரிதில்லை. டீயும் சாக்பீஸும் போதும். முதல் சனிக்கிழமைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.