கைக்கருவிகளும் பட்டறைப் பாதுகாப்பும்

(பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் ஆற்றிய சொற்பொழிவு)



கிராமத்தில் கருவி இல்லாத வீடு இல்லை. மண்வெட்டி, கடப்பாரை, கோடரி, அரிவாள் ஆகியவை குடியானவர் வீடுதோறும் உள்ளன. தச்சரிடம் உளியும் வாய்ச்சியும் இழைப்புளியும், கொல்லரிடம் சம்மட்டியும் குறடும் இருக்கின்றன. குழாய்களையும் மோட்டார்களையும் பழுது பார்ப்பதற்கென்று ஸ்பானர், பைப் ரெஞ்சு முதலியவற்றைக் கொட்டகையில் வைத்திருக்கும் பஞ்சாயத்துக்களும் உண்டு. இக்கருவிகளால் விளையும் காயங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "ஜாக்கிரதையாக வேலை செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு நாம் மன அமைதி அடைந்துவிடுகிறோம். இந்த உபதேசத்தால் பெரும் பயன் விளைந்ததாகத் தெரியவில்லை. தம் கையைத் தாமே வெட்டிக்கொள்ள எவரும் விரும்புவதில்லை. அவர் கையில் எந்த நிலையில் உள்ள கருவியைக் கொடுத்தோம் என்பதே நாம் முதலில் கேட்கத்தக்க கேள்வி.

கூரான கருவி அபாயமானது, மழுங்கியது சாதுவானது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. கூரான உளி சிறிய அழுத்தத்திற்கே மரத்தைச் சீவிக்கொண்டு செல்லும்; கையின் கட்டுக்குள் நிற்கும். மழுங்கிய உளியையோ உடற்பலம் முழுவதையும் செலுத்தித் தள்ளவேண்டியிருக்கிறது. அது மரத்தில் இறங்காமல் வழுக்கும்போது, அந்தப் பலம் முழுவதும் எதிரே மரத்தைப் பிடித்திருக்கும் இடக்கையின்மீது போய் முடிகிறது. கதிர் அறுக்கும் அரிவாளுக்கும் இதுவே விதி. மழுங்கிய அரிவாளை வெட்டி இழுக்க நேருகிறது; அந்த இழுப்பில்தான் தாளைப் பற்றியிருக்கும் விரல் அறுபடுகிறது.

மரவேலை உளியின் வாய் ஏறக்குறைய 25 டிகிரிச் சரிவில் இருப்பது நல்லது. சரிவான பக்கத்தைத் தீட்டியபின், மறு பக்கத்தைக் கல்லின்மீது தட்டையாகவே வைத்துப் பிசிறை நீக்கவேண்டும். இப்பொழுது பல ஊர்களில் சாணைக்கல்லை ஒதுக்கிவிட்டு, மின்சாரக் கிரைண்டரில் அரிவாளைப் பிடித்து நொடியில் தீட்டிவிடுகிறார்கள். இதில் ஒரு நஷ்டம் மறைந்திருக்கிறது. நம் கொல்லர்கள் இரும்புக்குப் பதம் ஏற்றும்போது நிறத்தைப் பார்த்தே வேலை செய்வார்கள். எஃகு 230 டிகிரிச் சூட்டில் வைக்கோல் நிறமும், 300 டிகிரிச் சூட்டில் நீல நிறமும் காட்டும். கிரைண்டரில் வாய் நீலம் பாய்ந்துவிட்டால், கொல்லர் ஏற்றிய கடினம் அவ்விடத்தில் குறைந்து போயிற்று என்று பொருள். அன்று மாலையே அரிவாள் மீண்டும் மழுங்கும். கிரைண்டரை உபயோகித்தே தீரவேண்டுமாயின், லேசாகத் தொட்டுத் தொட்டு எடுத்து, இடையிடையே தண்ணீரில் தோய்த்துக்கொள்க. வெட்டுவதற்கென்று அமைந்த மெல்லிய தகட்டின் பக்கவாட்டில் எதையும் தேய்த்தல் கூடாது. அது உடைந்து சிதறும். கிரைண்டரின் காப்பு மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு வேலை செய்வதைத் திறமை என்று கருதுவோரும் உளர். அவர்களிடம் அந்த இயந்திரத்தைக் கொடாதிருப்பதே நலம்.

அடுத்தது காம்பு. காம்பு தளர்ந்தால் மண்வெட்டியைத் தொட்டியிலோ வாய்க்காலிலோ ஊறவைப்பது நம் வழக்கம். மரம் ஊறிப் பருத்து, அன்றைய வேலைக்கு இறுகிவிடும். ஆயினும் இரும்புத் துளைக்குள் பருப்பதற்கு இடமில்லாமையால் மரத்தின் நார்கள் நசுங்குகின்றன. வெயிலில் உலர்ந்ததும் காம்பு முன்னிலும் மெலிந்துவிடுகிறது. ஆகவே நேற்று ஊறவைத்த மண்வெட்டி நாளை இன்னும் தளர்ந்தே இருக்கும். பச்சை மரத்தை வெட்டி அன்றே காம்பு போடுவதும் இதே குறையில்தான் முடியும். கருவேலங்கட்டை காம்புக்கு நன்கு உழைக்கும். அதை வெட்டி, சில மாதங்கள் நிழலில் உலர்த்தி, நார் காம்பின் நீளவாக்கில் ஓடுமாறு செதுக்கி, முனையில் ஆப்பு அடித்து இறுக்குதல் வேண்டும். கீறல் கண்ட காம்பிற்குக் கம்பி சுற்றுவது வைத்தியமாகாது.

ஓர் ஊரில் கல் உடைக்கும் இடத்தில் சம்மட்டியின் தலை கழன்று பறந்து, பத்தடி தள்ளி நின்ற ஒருவரின் முழங்காலை உடைத்ததை நாம் அறிவோம். காம்பில் ஆப்பிற்குப் பதிலாகச் சாக்குத் துணி செருகப்பட்டிருந்தது. அடிபட்டவர் அந்தச் சம்மட்டியைத் தொட்டவரும் அல்லர்; கல் சுமக்க வந்தவர். தம் நிலத்தில் தாம் ஏர் பிடித்து வந்த அவர், பின்னர் அந்நிலத்தைக் குத்தகைக்கு விட நேர்ந்தது.

இரும்பு வெட்டும் உளியின் தலை, அடி வாங்கி வாங்கிக் காளான் குடைபோல் விரிந்துவிடும். அந்த விளிம்பிலிருந்து தெறிக்கும் சில்லு கண்ணைப் பறிக்கவல்லது. விரிந்த விளிம்பை உடனே தேய்த்து நீக்குக. ஒரு சுத்தியலின் முகத்தால் மற்றொரு சுத்தியலின் முகத்தை அடிப்பதும் ஆகாது. இரண்டும் கடினமான எஃகு ஆதலால் சில்லு தெறிக்கும். அரத்தின் வால் கூரானது. பிடி போடாமல் அரத்தைத் தள்ளும்போது அந்த வால் உள்ளங்கையில் ஏறிவிடும். அரம் எளிதில் உடையும் எஃகால் ஆனது. ஆகவே அதை நெம்புகோலாகவும் பயன்படுத்தலாகாது. ஸ்பானர் நட்டின் அளவிற்குச் சரியாகப் பொருந்தவேண்டும்; அதைத் தள்ளாமல் தம் பக்கமாக இழுப்பதே முறை. தள்ளும்போது வழுக்கினால் விரல் மொளிகள் எதிரே உள்ள இரும்பில் மோதும்.

நம் தச்சர்களில் பலர் தரையில் அமர்ந்து, மரத்தைப் பாதத்தால் மிதித்துக்கொண்டு வாய்ச்சியால் செதுக்குகின்றனர். தலைமுறை தலைமுறையாக வந்த கைத்திறனை நாம் குறைவாகப் பேச வரவில்லை. ஆனால் வாய்ச்சி, செதுக்குபவரின் காலை நோக்கியே இறங்கும் கருவி. தரையில் இரண்டு முளைகளை அறைந்து, மரத்தை அவற்றின் இடையில் இறுக்கிக்கொண்டால், பாதத்திற்கு அங்கே வேலை இராது. இதற்குச் செலவு ஒன்றுமில்லை. வைஸ் வாங்க வசதியுள்ள பட்டறையில் அதையே உபயோகிக்கலாம்.

அரிவாளை எரவாணத்தில் செருகிவைக்கும் வழக்கத்தையும் இங்கே சொல்லவேண்டும். தாழ்வான கூரையில் அது பெரியவர்களின் கண் மட்டத்தில் நிற்கிறது; காற்றில் கழன்றால் கீழே விளையாடும் குழந்தைகள்மீது விழுகிறது. மரத்தால் உறை ஒன்று செய்து, ஆள் நடமாட்டமில்லாத சுவரில் மாட்டிவைக்கலாமே!

உலைக்களத்திலும் கிரைண்டரின் அருகிலும் கண்ணாடி அணியாமல் நிற்றல் கூடாது. கண்ணில் இரும்புத் துகள் பதிந்துவிட்டால், நாவால் எடுப்பதும் துணி முனையால் துடைப்பதும் நம்மவர் செய்யும் தவறான வைத்தியங்கள். பதிந்த இரும்பைச் சுற்றி ஓரிரு நாட்களுக்குள் துருப்படிந்து பார்வையைக் கெடுக்கும். கண்ணை அழுத்தாமல் மூடிக்கொண்டு கண் மருத்துவரிடம் செல்வதே தக்கது.

வெட்டுக் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் இரத்தம் நிற்கும். அதன்பின் சோப்பும் தண்ணீரும் இட்டுக் கழுவவேண்டும். காப்பித் தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். ஆணி குத்திய காயத்தில் இரத்தம் அதிகம் வாராததால் அதை அலட்சியம் செய்கிறோம். ஆனால் இசிவு நோயின் கிருமி மண்ணிலும் சாணத்திலும் உள்ளது. காற்றுப் புகாத ஆழமான காயமே அதற்கு ஏற்ற இடம். 10 ஆண்டுகளுக்கு ஒரு முறை தடுப்பூசி போட்டுக்கொள்ளவேண்டும். அழுக்கான ஆழ்ந்த காயமாயின், கடைசி ஊசி போட்டு 5 ஆண்டுகள் கடந்திருந்தாலே மீண்டும் தேவைப்படும். விரல் துண்டிக்கப்பட்டால், அத்துண்டை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்து உடன் கொண்டுசெல்க. விரல் நேராகப் பனிக்கட்டியில் படலாகாது. 108 வண்டியை அழைக்கும் வசதி 2008 முதல் தமிழ்நாட்டில் உள்ளது.

இனி, பஞ்சாயத்து செய்யக்கூடியது. இருப்புப் பதிவேட்டில் மண்வெட்டி இத்தனை, கடப்பாரை இத்தனை என்று எண்ணிக்கையை மட்டும் எழுதுகிறோம். பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, கருவியின் நிலையையும் எழுதலாம்: காம்பு உறுதியா, வாய் கூரா, தலை விரிந்துள்ளதா? பழுதான கருவிக்குச் சிவப்பு வண்ணம் தீட்டித் தனியே வைத்து, உள்ளூர்க் கொல்லரிடமும் தச்சரிடமும் மாதம் ஒரு நாள் ஒப்படைத்தால், அவர்களுக்கும் நிலையான வேலை கிடைக்கும். ஆயுத பூஜைக்கு முதல் நாள் எல்லாக் கருவிகளும் ஒரே இடத்தில் சேர்கின்றன. பொட்டு வைப்பதற்கு முன் ஒவ்வொன்றின் காம்பையும் ஆட்டிப் பார்த்துவிடலாம். முதலுதவிப் பெட்டியைக் கொட்டகையின் உள்ளே, பூட்டுப் போடாமல், கதவருகில் மாட்டிவையுங்கள். அதன் சாவியை ஒருவர் வீட்டில் வைத்துவிட்டு, இரத்தம் ஒழுகும்போது அவரைத் தேடி வயலுக்கு ஆள் அனுப்பும் ஏற்பாட்டை நாம் சில ஊர்களில் கண்டிருக்கிறோம்.