கையெழுத்து போடாவிட்டால் விவாகரத்து ஆகாதா?

(மாவட்ட மைய நூலகம் ஒன்றின் வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



விவாகரத்து வழக்கில் வரும் சட்டச் சொற்கள், தாள்கள் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் வக்கீல் இல்லை. அரசின் செய்தித் துறையில் மக்கள் சேவைகள் பற்றி எழுதுவது என் வேலை. இந்தத் தலைப்பை ஒத்துக்கிட்டதுக்குக் காரணம் எங்க தெருவில் இருக்கிற ஒரு அக்கா.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பாப்பா, நீ பத்திரிகைப் படிப்பு படிச்சவதானே, இதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லு" என்றார். உறவுக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஐந்து போட்டோக்கள். சாய்வாக எடுத்தது, பாதி நிழல். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். முதல் பக்கத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் 'எதிர்மனுதாரர்' என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில், அவருக்கும் அவர் கணவருக்கும் நடந்த திருமணம் கலைக்கப்படுவதாக இருந்தது. தேதி நான்கு மாதம் முந்தையது.

அக்கா கேட்ட முதல் கேள்வி: "நான் கையெழுத்தே போடலையே. அப்புறம் எப்படி ஆகும்?"

இங்கே உட்கார்ந்திருக்கிறவங்களில் பல பேர் அப்படித்தான் நம்பிட்டு இருப்பீங்க. அன்றைக்கு வரைக்கும் நானும் அப்படித்தான் நம்பினேன். சீரியலில் அப்படித்தானே காட்டுறாங்க: ஒரு பத்திரம், ஒரு பேனா, கொஞ்சம் கண்ணீர்.

இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டியது ஒரே ஒரு வகைக்குத்தான். இருவரும் சேர்ந்து போடும் பரஸ்பர சம்மத மனு. இன்னொரு வகையில், ஒருவர் மட்டும் காரணம் சொல்லி வழக்குப் போடுகிறார். வழக்குப் போட்டவர் மனுதாரர், யார் மீது போட்டாரோ அவர் எதிர்மனுதாரர். இதில் எதிர்மனுதாரரின் சம்மதம் தேவையில்லை. அவருக்குத் தகவல் சொல்ல வேண்டும், பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அவ்வளவுதான். அந்தத் தகவல்தான் சம்மன், தமிழில் அழைப்பாணை.

அக்காவுக்கு அது வந்திருக்கிறது. தபால்காரர் கொண்டுவந்தபோது அவர் அண்ணன், "வாங்காத, வாங்கினா ஒத்துக்கிட்டதா ஆயிடும்" என்று சொல்லியிருக்கிறார். வாங்கவில்லை. தபால்காரர் 'வாங்க மறுத்தார்' என்று எழுதித் திருப்பிவிட்டார். அப்படி மறுத்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி அது அவருக்குச் சேர்ந்துவிட்டதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். வாங்கினால் ஒத்துக்கொண்டதாக ஆகாது. வாங்கினால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே ஒரு சின்ன விஷயம். வக்கீல் நோட்டீஸ் வேறு, நீதிமன்றத்திலிருந்து வரும் சம்மன் வேறு. முதலாவது வக்கீலின் கடிதத்தாளில் வரும்; அதனால் மட்டும் திருமணம் முறியாது. இரண்டாவதில் நீதிமன்ற முத்திரை, வழக்கு எண், நீங்கள் ஆஜராக வேண்டிய தேதி மூன்றும் இருக்கும். வழக்கு எண்ணில் 'எச்.எம்.ஓ.பி.' என்று இருந்தால், இந்து திருமணச் சட்டப்படி போட்ட மூல மனு. 'ஐ.ஏ.' என்று இருந்தால், அந்த வழக்குக்குள்ளேயே இடையில் போட்ட துணை மனு. குடும்ப நல நீதிமன்றம் இருக்கும் இடத்தில் வழக்கு அங்கே நடக்கும், இல்லாத ஊரில் சார்பு நீதிமன்றத்தில்.

குறிப்பிட்ட தேதியில் எதிர்மனுதாரரும் வரவில்லை, அவர் வக்கீலும் வரவில்லை என்றால் 'எக்ஸ்பார்ட்டி' ஆக்குவார்கள். தமிழில் ஒருதலைப்பட்சம். இதில் இரண்டு கட்டம் இருக்கு, இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எக்ஸ்பார்ட்டி ஆக்கிவிட்டார்கள், ஆனால் இன்னும் தீர்ப்பு வரவில்லை என்றால், வராததற்கு நல்ல காரணம் சொல்லி வழக்கில் மறுபடி சேர்ந்துகொள்ள மனுப் போடலாம். தீர்ப்பே வந்துவிட்டால், அதை ரத்து செய்யக் கோரி மனுப் போட வேண்டும். அதற்குக் கெடு 30 நாள். தீர்ப்புத் தேதியிலிருந்து கணக்கு. சம்மன் முறையாகச் சேரவே இல்லை என்றால், தீர்ப்பு பற்றித் தெரிந்த நாளிலிருந்து கணக்கு. கெடு தாண்டிவிட்டால் கூடவே காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் வேண்டும், ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் காரணம் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

அக்கா விஷயத்தில் சிக்கலே அங்கேதான். அவர் மறுத்ததால் சம்மன் சேர்ந்ததாகக் கணக்கு. "கையெழுத்து போடலைன்னா ஆகாதுன்னு நினைச்சேன்" என்பது மனசுக்குப் பெரிய காரணம். நீதிமன்றத்தில் அது எவ்வளவு தூரம் எடுபடும் என்பது வேறு.

அந்தத் தீர்ப்பில் அவரை ரொம்பப் புண்படுத்தியது ஒரு சொல். 'கைவிடுதல்.' இந்து திருமணச் சட்டம், 1955, 13-ஆம் பிரிவில் விவாகரத்துக்கான காரணங்கள் இருக்கின்றன. கொடுமை, பிறன்மனை உறவு, கைவிடுதல் எல்லாம் அதில் உண்டு. கைவிடுதல் என்றால், நியாயமான காரணம் இல்லாமல், மற்றவர் சம்மதமும் இல்லாமல் விட்டுப் போவது. மனுப் போடுவதற்கு முன்னால் தொடர்ந்து இரண்டு வருஷமாவது அப்படி இருந்திருக்க வேண்டும். மனுவில் கணவர், 'எதிர்மனுதாரர் என்னைக் கைவிட்டுத் தாய்வீடு சென்றார்' என்று சொல்லியிருந்தார். அதை வாசித்தபோது அக்கா, "நானா விட்டுட்டுப் போனேன்? அவர்தானே வண்டியில கொண்டாந்து வாசல்ல இறக்கிவிட்டுட்டுப் போனாரு. தெருவே பாத்துச்சே" என்றார்.

தெரு பார்த்தது. நீதிமன்றத்தில் யாரும் சொல்லவில்லை. பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் ஒரு பக்கத்துச் சாட்சியம் மட்டும்தான் பதிவாகும்.

அதனால் மனுவின் நகல் கைக்கு வந்தால் பத்தி பத்தியாகப் படியுங்கள். எண் போட்டிருப்பார்கள். நீங்கள் தாக்கல் செய்வது எதிருரை. பேச்சுவழக்கில் 'கவுண்டர்' என்பார்கள். அதில் ஒவ்வொரு பத்திக்கும் பதில் வேண்டும். குறிப்பாக மறுக்காத விஷயத்தை ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்ள இடம் உண்டு. பக்கத்திலேயே பென்சிலால் 'சரி', 'தப்பு', 'பாதி உண்மை' என்று எழுதிக்கொண்டு வக்கீலிடம் போனால் வேலை பாதி முடிந்த மாதிரி. தாள் ஆங்கிலத்தில் இருந்தால் கூச்சப்படாமல் வாசித்துச் சொல்லக் கேளுங்கள். வக்காலத்து என்பது வக்கீல் உங்களுக்காக ஆஜராக நீங்கள் தரும் அதிகாரம். அதில் கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால், எதற்கு என்று கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

அடுத்து பணம். ஜீவனாம்சம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், சட்டத்தில் அதற்குப் பல கதவுகள். வழக்கு நடக்கும்போதே கேட்பது இடைக்கால ஜீவனாம்சம், 24-ஆம் பிரிவு. வருமானம் இல்லாதவர் கணவனோ மனைவியோ, யாராக இருந்தாலும் கேட்கலாம். முடிந்தவரை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் அதை முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாம் காட்டிப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் சொல்லிவிட்டது. அந்தப் பத்திரத்தில் பொய் சொன்னால் சொன்னவருக்குத்தான் ஆபத்து.

அக்காவுக்குத் தெரியாமல் இருந்தது 25-ஆம் பிரிவு. நிரந்தர ஜீவனாம்சத்தைத் தீர்ப்பின்போது மட்டுமல்ல, தீர்ப்புக்குப் பிறகும் கேட்கலாம். அது தவிர, மறுமணம் செய்துகொள்ளாத, தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத விவாகரத்தான மனைவி, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவிலும் பராமரிப்புத் தொகை கேட்கலாம். 2024 ஜூலை 1-க்கு முன்பு இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவாக இருந்தது; பழைய தாள்களில் அந்த எண்தான் இருக்கும். "தீர்ப்பு வந்துடுச்சு, இனி ஒண்ணும் கேக்க முடியாது" என்று அக்காவிடம் சொன்னவர்கள் நிறைய. அது தப்பு.

இனி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடும் வகைக்கு வருகிறேன். 13-பி பிரிவு. ஒரு வருஷமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். 'பிரிந்து' என்றால் வேறு வேறு வீடு என்று அர்த்தம் இல்லை. ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அது பிரிந்து வாழ்வதுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லியிருக்கிறது. மனுப் போட்ட பிறகு ஆறு மாதம் பொறுத்து, 18 மாதத்துக்குள் இரண்டாம் முறை வந்து சம்மதத்தை உறுதி செய்ய வேண்டும். தகுந்த வழக்குகளில் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்பது 2017-இல் வந்த தீர்ப்பு. முக்கியமான விஷயம்: தீர்ப்பு வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்.

ஆனால் சம்மத மனு என்பதாலேயே படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமா இருக்கு. 'கடந்த கால, நிகழ்கால, எதிர்கால ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுக்கிறேன்' என்று ஒரு வரி உள்ளே இருக்கும். நகை, சீர்ப்பொருள் திரும்ப வந்துவிட்டதாக இன்னொரு வரி இருக்கும். வந்திருந்தால் சரி. வராமலே வந்ததாகக் கையெழுத்துப் போட்டால் பிறகு யாரிடம் போய்க் கேட்பது? குழந்தை யாரிடம் இருக்கும், எந்த நாள் பார்க்கலாம், படிப்புச் செலவு யாருடையது என்பதெல்லாம் தனித்தனி வரியாக இருக்கட்டும். குழந்தை பற்றிய ஏற்பாட்டை நிலைமை மாறினால் மாற்றக் கேட்கலாம். அதற்கு 26-ஆம் பிரிவு வழி செய்கிறது.

பத்திரம் என்றதும் நினைவுக்கு வருவது: முத்திரைத்தாளில் 'இனி உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை' என்று எழுதி, நோட்டரியிடம் முத்திரை வாங்கி, விவாகரத்து ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள். அது வெறும் ஒப்பந்தத் தாள். சில சமூகங்களில் வழக்கத்தில் இருக்கும் மணமுறிவைச் சட்டம் காப்பாற்றுகிறது, ஆனால் அப்படி ஒரு வழக்கம் இருப்பதை நிரூபிக்க வேண்டும். அதை நம்பி மறுமணம் செய்தவர்கள் பிறகு படும் பாடு தனிக் கதை. சுயமரியாதைத் திருமணம் என்றாலும் அது இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவில் வருவதுதான், முறிக்க நீதிமன்றம்தான் போக வேண்டும். கிறித்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம், இஸ்லாமியப் பெண்கள் நீதிமன்றம் வழியாகக் கேட்க 1939-ஆம் ஆண்டுச் சட்டம், சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு அந்தச் சட்டமே. பிரிவு எண்கள் மாறும். சம்மன், எதிருரை, எக்ஸ்பார்ட்டி இதெல்லாம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

உங்கள் கையில் இருக்கும் போனுக்கு வருவோம். 'ஈ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' என்ற இலவசச் செயலி இருக்கு. ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். எண் என்று எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க எண் உண்டு; தமிழ்நாட்டு வழக்கு என்றால் 'டி.என்.' என்று ஆரம்பிக்கும். அதைப் போட்டால் அடுத்த வாய்தா தேதி, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது எல்லாம் வரும். "வக்கீல் சொல்லலை" என்று காத்திருக்க வேண்டியதில்லை. எண் தெரியாவிட்டால் பெயரை வைத்தும் தேடலாம். வாட்ஸ்அப் செய்திகளைச் சான்றாகக் காட்ட நினைப்பவர்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுப் போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். மின்னணு ஆவணத்துக்கு, பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் கேட்பார்கள். அசல் போன் கையில் இருப்பது நல்லது.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்றால் 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி எண். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை; குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் அப்படியே. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். நாலு பேர் முன்னால் வீட்டு விஷயம் பேசக் கூச்சமாக இருந்தால், குடும்ப நல நீதிமன்றத்தில் மூடிய அறை விசாரணை கேட்கலாம். ஒரு தரப்பு கேட்டாலே போதும், நடத்தியாக வேண்டும்.

தீர்ப்பு வந்த பிறகு வாட்ஸ்அப் போட்டோ எதற்கும் உதவாது. நகல் மனுப் போட்டு, சான்றிட்ட நகல் வாங்குங்கள். பாஸ்போர்ட்டில் துணைவர் பெயரை மாற்ற, மேல்முறையீடு போட, எல்லாவற்றுக்கும் அதுதான். மேல்முறையீட்டுக் காலம் முடிவதற்குள் மறுமணப் பேச்சு வேண்டாம். எத்தனை நாள் என்பதை உங்கள் வழக்குக்கு ஏற்ப வக்கீலிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பி.எஃப்., இன்சூரன்ஸ், வங்கிக் கணக்கு நாமினியையும் நீங்களே போய் மாற்றிவிடுங்கள்.

அக்கா சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக வக்கீல் வாங்கினார். தீர்ப்பை ரத்து செய்யக் கோரும் மனு, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு இரண்டும் நிலுவையில் இருக்கு. முடிவு எப்படி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது சி.என்.ஆர். எண்ணை அவரே போட்டுப் பார்க்கிறார். போன வாரம் தபால்காரர் அவர் வீட்டு வாசலில் நின்றார். அக்கா பேனாவை வாங்கி, கையெழுத்துப் போட்டு, உறையை அங்கேயே பிரித்துத் தேதியைப் பார்த்தார்.

இனி உங்கள் கேள்விகள். யாராவது தாள் கொண்டுவந்திருந்தால், பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு காட்டுங்கள், சேர்ந்து படிக்கலாம்.