ஒரு வாரம், ஒரே ஊர்

ஒரு வாரம் லீவு கிடைத்தால் ஏழு ஊர் பார்க்கத் துடிக்கிறோம். பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடுகிறது. ஒரு வாரத்துக்கு ஒரே ஊர் போதும். உதாரணத்துக்கு, ஈரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பவானி.

முதல் நாள் விடிகாலையில் கூடுதுறைக்குப் போங்கள். காவிரியும் பவானியும் கலக்கிற இடம். அங்கே சங்கமேஸ்வரர் கோயிலில் ஒரு தந்தக் கட்டில் உண்டு. கோவை கலெக்டராக இருந்த வில்லியம் காரோ என்ற ஆங்கிலேயர் 1804-ல் அம்மனுக்குக் கொடுத்த காணிக்கை அது.

அடுத்த நாள் ஜமுக்காளத் தறி. நெசவாளர் குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்து, பட்டை பட்டையாக நிறம் மாற்றி நெய்வார். நிதானமாக நின்று பாருங்கள்.

மற்ற நாட்களில் அந்தியூர், கொடிவேரி அணை, சென்னிமலை. காலையில் கிளம்பினால் ராத்திரிக்குள் பவானிக்கே திரும்பிவிடலாம்.

புறப்படும் முன் மூன்றே விஷயம் விசாரியுங்கள். சந்தை என்றைக்கு? மதியம் கோயில் நடை எப்போது சாத்துவார்கள்? ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது? ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசை சமயத்தில் கூட்டம் அலைமோதும். ரூமுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஒரு வாரம், ஒரே ஊர். இந்த விடுமுறைக்கு இப்படித் திட்டம் போட்டுப் பாருங்களேன்.