பாதி நாற்காலி யாருக்கு?



‘ஏழைகளுக்கு விழிப்புணர்வு போதாது.’ சுகாதாரக் கூட்டம் எங்கே நடந்தாலும் இந்தப் பல்லவி கேட்கும். சாக்கடை கலந்த தண்ணீர் வரும் தெருவுக்கே வந்து, கை கழுவுவது எப்படி என்று படம் காட்டுவார்கள். ஐயா, கழுவ நல்ல தண்ணீர் எங்கே என்று கேட்டால், அது வேறு இலாகா!

மகாராஷ்டிரத்தின் அன்றைய அகமதுநகர் மாவட்டத்தில் ஜாம்கேட் என்றொரு வறண்ட வட்டாரம் உண்டு. ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே என்ற மருத்துவத் தம்பதி 1970-இல் அங்கே போய் இறங்கினார்கள். இருவரும் நம் வேலூர் சி.எம்.சி.யில் படித்தவர்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வரை போய்ப் பொதுச் சுகாதாரம் கற்றுத் திரும்பியவர்கள். பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 170-க்கு மேல் முதல் பிறந்தநாளைப் பார்க்காத ஊர்கள் அவை. இத்தனை படித்த டாக்டர்களிடம் ஊரார் என்ன கேட்டார்கள்? ஊசி கேட்கவில்லை, டானிக் கேட்கவில்லை. சோறும் தண்ணீரும் கேட்டார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் மகாராஷ்டிரத்தை வறட்சி வாட்டிய நேரம் அது.

இது எங்கள் இலாகா இல்லை என்று அந்தத் தம்பதி கைவிரிக்கவில்லை. ஆழ்துளைக் கிணறு போட வழி செய்தார்கள். அதை எங்கே போட்டார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கைபம்புகள் தலித் குடியிருப்புப் பக்கம் வந்தன. தண்ணீர் வேண்டுமா, மேல்சாதிக்காரரும் அங்கே வந்துதான் குடத்தை நிரப்பியாக வேண்டும். ஒரு கைபம்பு தீண்டாமையை ஒழித்துவிட்டது என்று யாரும் அளக்க வேண்டாம். ஆனால் வயிற்றுப்போக்கும் சாதியும் ஒரே கிணற்றடியில் குடியிருக்கின்றன என்று கண்டுகொண்ட மருத்துவர்கள் எத்தனை பேர்?

இளைஞர்களைச் சாதி தாண்டிச் சேர்க்க வாலிபால் ஆடினார்கள். ஆட்டம் முடிந்தால் ஊர்ப் பேச்சு. அந்தப் பேச்சிலிருந்து விவசாயிகள் மன்றம் பிறந்தது, பின்னாலேயே மகளிர் மன்றமும் வந்தது.

முதலில் பயிற்சி பெற்ற செவிலியரைத்தான் கிராமங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். எடுபடவில்லை. பிறகுதான் ஊரே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் முறை வந்தது. வந்தவர்களில் பலர் தலித் பெண்கள், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள். பிரசவம் பார்க்கக் கற்றார்கள். குழந்தையை எடை போடவும், காசநோயையும் தொழுநோயையும் தொடக்கத்திலேயே அடையாளம் காணவும் கற்றார்கள். தொண்ணூறுகளில் அந்த ஊர்களின் சிசு மரணம் ஆயிரத்துக்கு முப்பதுக்கும் கீழே இறங்கிவிட்டது. 1979-இல் ஆரோலே தம்பதிக்கு மகசேசே விருது கிடைத்தது. படிக்காத பெண்ணுக்கு வைத்தியத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டவர்கள் இப்போது பதில் சொல்லட்டும்!

கடல் தாண்டியும் ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில், மிசிசிப்பி மாநிலத்தில், மவுண்ட் பேயூ என்ற கறுப்பின மக்களின் சிற்றூர். பருத்திக்காட்டுக்கு இயந்திரம் வந்தது, கூலிக்குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. அறுபதுகளின் பிற்பாதியில் அங்கே ஒரு நலவாழ்வு மையம் எழுந்தது. ஜாக் கெய்கர் என்ற மருத்துவர் அதை நிறுவினார். ஜான் ஹேட்ச் என்ற கறுப்பினச் செயல்பாட்டாளர் மக்களைத் திரட்டினார். ஊட்டமில்லாமல் வாடிய குழந்தைகளுக்கு மையத்தின் மருத்துவர்கள் மருந்துச் சீட்டில் பாலும் காய்கறியும் இறைச்சியும் எழுதினார்கள். மளிகைக்கடைக்காரர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு பண்டம் கொடுத்தார், பில்லை மையத்தின் மருந்தகத்துக்கு அனுப்பினார். மையத்துக்குப் பணம் தந்த வாஷிங்டன் அதிகாரிகள் சீறினார்கள்: மருந்துப் பணத்தில் மளிகையா? பசியால் வந்த நோய்க்குச் சோறுதான் மருந்து என்று கெய்கர் பதிலடி கொடுத்தார். ஊர் மக்கள் அதோடு நிற்கவில்லை. கூட்டுறவுப் பண்ணை அமைத்துக் காய்கறியைத் தாங்களே விளைவித்தார்கள்.

அந்த வழியில் வந்த மையங்களில் இன்று 3 கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கர்கள் மருத்துவம் பெறுகிறார்கள். அவற்றின் நிர்வாகக் குழுவில் குறைந்தது 51 விழுக்காட்டினர் அங்கே சிகிச்சை பெறுபவர்களாக இருக்க வேண்டும் என்பது அந்த நாட்டில் விதி. பிரேசிலில் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சுகாதாரக் கவுன்சில்களில் பாதி இடம் பொதுமக்களுக்கு. பாதி நாற்காலி! கோரிக்கை மனுவோடு வாசலில் நிற்கும் இடமல்ல, உள்ளே உட்கார்ந்து கையை உயர்த்தும் இடம்.

நம் வீட்டுக்கு வருவோம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நடக்க முடியாத பாட்டிக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை மறுப்பவர் மனசாட்சி இல்லாதவர். 2024-இல் ஐ.நா. விருதும் வந்தது. மகிழ்ச்சி. ஆனால் அந்த மாத்திரைப் பையைச் சுமந்து தெருத் தெருவாக நடக்கும் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண், எந்த வீட்டில் எந்த நோய் என்று விரல் நுனியில் வைத்திருக்கும் அந்தப் பெண், திட்டம் தீட்டும் மேசையில் எங்கே உட்கார்ந்திருக்கிறாள்?

ஊர் ஊராகச் சுகாதாரப் பணி செய்யும் ஆஷா பணியாளர்களைப் பாருங்கள். 2005-இல் தொடங்கிய ஏற்பாடு. 2022-இல் உலக சுகாதார நிறுவனமே அவர்களுக்கு விருது கொடுத்தது. 2025 பிப்ரவரியில், சுகாதாரத்துக்குப் பேர்போன கேரளத்திலேயே, 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்கச் சொல்லி அவர்கள் தலைமைச் செயலகத்தின் முன் தெருவில் உட்கார்ந்தார்கள். பாராட்டுக்கு ஜெனீவா, சம்பளத்துக்கு நடைபாதை! உள்ளூர்ப் பெண்ணின் உழைப்பை மலிவாக வாங்கிக்கொண்டு அதற்கு மக்கள் பங்கேற்பு என்று பெயர் சூட்டுவது மோசடி.

மக்களிடம் விட்டால் உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் குழுவைச் சுருட்டிக்கொள்வார்கள் என்று ஒரு ஆட்சேபம் உண்டு. நியாயமான பயம். அதற்கு மருந்து குழுவை மூடுவதா? ஜாம்கேடில் போட்ட கைபம்பு எந்தப் பக்கம் நின்றது என்று பாருங்கள். முதல் நாற்காலி சேரிக்கு, அடுத்தது பெண்ணுக்கு என்று வைத்துவிட்டுப் பிறகு கூட்டத்தைத் தொடங்குங்கள்.

கிராம சுகாதாரக் குழு என்று ஒன்று உங்கள் ஊரிலும் இருக்க வேண்டும். தேசிய நலவாழ்வு இயக்க விதிப்படி ஆண்டுக்கு 10,000 ரூபாய் அதற்கு ஒதுக்கீடு. சின்னத் தொகைதான். அதையாவது யார் செலவிட்டார்கள், எதற்கு என்று உங்களுக்குத் தெரியுமா? குழுவில் யார் யார் என்றாவது தெரியுமா?

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. நகரத்தில் இருப்பவர்களுக்கு 2022 முதல் பகுதி சபை இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குத் தெருவோடு திரண்டு போங்கள். குழுவின் பெயர்ப் பட்டியலையும் வரவு செலவையும் படிக்கச் சொல்லுங்கள். பாதி இடம் குடியிருப்போருக்கு என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை ஒருவரும் எழுந்திருக்காதீர்கள்.