புகைபோக்கியிலிருந்து பாறைக்கு
(கோவண்டியில் தமிழன்பர்களிடையே ஆற்றிய உரை)



கோவண்டியில் வாழ்பவர்களுக்குப் புகையைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ஒருபுறம் 1927 முதல் குப்பை கொட்டப்பட்டுவந்த தேவனார். மறுபுறம் மாகுல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், டிராம்பே உரத் தொழிற்சாலை, 1956இல் தொடங்கிய அனல் மின் நிலையம். ஆயினும் நான் பேச வந்தது கண்ணைக் கரிக்கும் புகையைப் பற்றியன்று. நிறமும் மணமும் இன்றி அதனுடன் வெளியேறி, உலகின் வெப்பத்தை உயர்த்தும் கரியமில வாயுவைப் பற்றியே.

இவ்வாயுவைப் பிடிப்பது புதிய வித்தையன்று. டிராம்பேயில் அம்மோனியா தயாரிக்கும்போது பிரியும் கரியமில வாயுவைக் கொண்டே யூரியா செய்யப்படுகிறது. ஆனால் யூரியாவை வயலில் இட்ட சில நாட்களில் அந்த வாயு மீண்டும் காற்றில் கலந்துவிடும். பயன்படுத்துவது வேறு, நிலையாகப் புதைத்து வைப்பது வேறு. இவ்வேறுபாட்டை மறைத்துப் பேசும் விளம்பரங்கள் நிறைய வருகின்றன.

அனல் நிலையத்தில் வேலை இன்னும் கடினம். புகையை அமீன் என்னும் இரசாயனக் கரைசலின் வழியே செலுத்தினால் கரியமில வாயு அதில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் நீராவியால் சூடேற்றி வாயுவைப் பிரித்தெடுக்க வேண்டும். இதற்கே நிலையத்தின் மின் உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு செலவாகிவிடும். ஒரு நன்மையும் உண்டு. சாம்பலும் கந்தக டை ஆக்சைடும் கரைசலைக் கெடுக்கும் என்பதால், அவற்றை முன்னதாகவே நீக்கியாக வேண்டும். உங்கள் நுரையீரலுக்கு உடனடியாகப் பயன் தருவது இந்த முதற்படியே. கரியமில வாயுத் திட்டத்திற்காகக் காத்திராமல் இதை மட்டும் தனியே கேட்டுப் பெறவும் இயலும்.

அரசின் முயற்சிகளைப் பார்ப்போம். 2022இல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை இரண்டு தேசிய மையங்களை அமைத்தது. ஒன்று அதிகத் தொலைவில் இல்லாத பவாயில், பம்பாய் ஐ.ஐ.டி.யில் உள்ளது, மற்றொன்று பெங்களூரில். அதே ஆண்டு நீதி ஆயோக் இதற்கான கொள்கை வரைவை வெளியிட்டது. தேசிய அனல் மின் கழகம் விந்தியாசலில் நாளொன்றுக்கு 20 டன் பிடிக்கும் சாதனத்தை நிறுவியது. 500 மெகாவாட் அலகு ஒன்று முழு அளவில் ஓடினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 டன் வெளிவிடும். எனவே இது தொடக்கம் மட்டுமே. 2026 பிப்ரவரியில் தாக்கலான மத்திய வரவு செலவுத் திட்டத்தில் ஐந்தாண்டுகளுக்கு 20,000 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது.

பிடித்த வாயுவை எங்கே வைப்பது? நார்வே 1996 முதல் கடலடி மணற்பாறையில் செலுத்தி வந்துள்ளது. நமக்குத் தக்காணத்தின் எரிமலைப் பாறை இருக்கிறது. நாம் நிற்கும் இந்நிலமும் ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்தோடிய குழம்பின் பகுதியே. நீரில் கரைந்த கரியமில வாயு இப்பாறையிலுள்ள கால்சியம், மக்னீசியத்துடன் சேர்ந்து கல்லாகிவிடும். ஐஸ்லாந்தில் 2012இல் செலுத்திய வாயுவில் 95 விழுக்காடு இரண்டு ஆண்டுகளுக்குள் கல்லானதாக அறிஞர்கள் கண்டறிந்தனர்.

ஆனால் அங்கே ஒரு டன் வாயுவைக் கரைக்க 25 டன் அளவுக்கு நீர் தேவைப்பட்டது. கோடையில் குடிநீருக்கு லாரியை எதிர்பார்க்கும் மராத்வாடாவில் அந்நீருக்கு எங்கே போவது? மேலும், ஐஸ்லாந்துப் பாறை இளமையானது. தக்காணப் பாறையின் துளைகளில் பல, காலப்போக்கில் கனிமங்கள் படிந்து அடைபட்டுவிட்டன. ஏட்டில் உள்ள கொள்ளளவை அப்படியே நம்பாமல், துளையிட்டுச் சோதித்துப் பார்ப்பதே முறை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆலையிலிருந்து பாறைக்குச் செல்ல வாயுவுக்குக் குழாய் வேண்டும். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் பள்ளத்தில் தேங்கி மூச்சை அடைக்கும். 2020இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சட்டார்ஷியா என்ற ஊரருகே குழாய் வெடித்து, நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குச் சென்றனர். அது சில வீடுகளே உள்ள சிற்றூர். இங்கோ, 1976இல் ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்டவர்கள் சீட்டா கேம்பின் நெருக்கமான சந்துகளில் வாழ்கின்றனர். குழாய்த் திட்டம் எதுவும் வருமானால், அதன் வழித்தடத்தையும், கசிவை அறிவிக்கும் கருவிகள் எத்தனை எங்கெங்கே வைக்கப்படும் என்பதையும், மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் எழுதித் தருமாறு முதற் கூட்டத்திலேயே கேளுங்கள்.