கணக்குக் கேட்ட குடியரசுத் தலைவர்



ரோமில் குடியரசுத் தலைவர் மாளிகை. விருந்து முடிகிற நேரம், பழத்தட்டு வருகிறது. ஒவ்வொரு பேரிக்காயும் அத்தனை பெரிசு. தலைவர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். "எனக்குப் பாதி போதும், மீதி யாருக்கு வேண்டும்?" என்கிறார். பரிமாற வந்தவருக்கு முகம் சிவந்துவிட்டது. கை தூக்கியவர் எழுத்தாளர் என்னியோ ஃப்ளயானோ. பின்னாளில் இதை எழுதி வைத்தவரும் அவரே.

அந்தத் தலைவர்தான் லூயிஜி எய்னாவ்தி. கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். 1874-இல் பியமோந்தே பகுதியில் பிறந்தவர். தூரின் பல்கலைக்கழகத்தில் அரசு நிதி கற்பித்தவர். ஊரான் பணத்தைச் செலவழிக்கிறவன் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதே வாழ்நாள் முழுக்க அவர் நடத்திய பாடம்.

எல்லாவற்றிலும் வீரர் என்று சொல்ல மாட்டேன். 1931-இல் முசோலினி ஆட்சிக்குப் பேராசிரியர்கள் விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்றபோது, மறுத்தவர்கள் ஏறக்குறைய ஒரு டஜன் பேர்தான். இவர் மறுக்கவில்லை. அப்படியும் 1943-இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பி ஓடவேண்டி வந்தது.

1945-இல் இத்தாலிய மத்திய வங்கியின் ஆளுநர். 1947-இல் பிரதமர் தெ காஸ்பெரியின் அமைச்சரவையில் துணைப் பிரதமர், வரவுசெலவு அமைச்சர். விலைவாசியோ போருக்கு முன்பிருந்ததைப்போல் சுமார் 50 மடங்கு! வியாபாரிகள் வங்கிக் கடன் வாங்கிச் சரக்கைப் பதுக்கினார்கள். எய்னாவ்தி என்ன செய்தார்? வங்கிகளில் புதிதாகச் சேரும் வைப்புத் தொகையில் 40 சதவீதத்தை, ஒரு வரம்பு எட்டும்வரை, ஒதுக்கி வைக்கச் சொன்னார். கடன் வற்றியது. பதுக்கிய சரக்கு சந்தைக்கு வந்தது, விலை இறங்கியது. கூடவே தொழிற்சாலைகள் தள்ளாடின, பலருக்கு வேலை போனது. அந்த வலியைச் சொல்லாமல் அவரைப் புகழ்வது நியாயமில்லை.

இன்னொரு வேடிக்கை. மன்னராட்சியா, குடியரசா என்ற 1946 வாக்கெடுப்பில் மன்னராட்சியை ஆதரித்து எழுதியவர் இவர். இரண்டே ஆண்டில், புதிய அரசியலமைப்பின்படி தேர்வான முதல் குடியரசுத் தலைவரும் இவரே! அந்த அரசியலமைப்பின் 81-ஆம் பிரிவின்படி, புதிய செலவு வைக்கிற எந்தச் சட்டமும் பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லியாக வேண்டும். அதற்காக அரசியல் நிர்ணய சபையில் வாதாடியவர்களில் இவரும் ஒருவர். பதவிக்கு வந்தபின், பணத்துக்கு வழி சொல்லாத மசோதாக்களைக் கையெழுத்துப் போடாமல் நாடாளுமன்றத்துக்கே திருப்பி அனுப்பினார்.

1955-இல், 81 வயதில் பதவிக்காலம் முடிந்தது. பேனாவை மூடவில்லை. பொருளாதாரக் கட்டுரைகளைத் தொடராக வெளியிட்டார். அவற்றுக்குப் 'பயனற்ற பிரசங்கங்கள்' என்று அவரே பெயரும் வைத்தார். யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே எழுதினார், அய்யா!