கால் நகத்தைத் தோண்டாதீங்க

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



ரத்தசோகை, தடுப்பூசின்னு உங்ககிட்ட எத்தனையோ பேசியிருக்கேன். இன்னைக்குக் கால் கட்டைவிரல் நகத்தைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க. இதனால நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போக முடியாம உட்கார்ந்தவங்களை நான் பார்த்திருக்கேன்.

நகத்தின் ஓரம் சதைக்குள் குத்தி வளர்ந்தால் விரல் சிவக்கும், வீங்கும், தொட்டாலே உயிர் போகும். பிறகு சீழ் வைக்கும். நகச்சுத்தின்னு நினைச்சு எலுமிச்சம்பழம் சொருகுறாங்க, சுண்ணாம்பு தடவுறாங்க. குத்துற நகம் உள்ளேயே இருக்கும்போது மேலே எதைத் தடவி என்ன பயன்? சுண்ணாம்பு தோலையும் புண்ணாக்கிடும்.

இது ஏன் வருது? பெரும்பாலும் நாம வெட்டுற விதத்தாலதான். ஒட்ட வெட்டி, ரெண்டு ஓரத்தையும் வளைச்சுத் தோண்டுறோம். ரெண்டு நாள் சுகமா இருக்கும். ஆனா உள்ளே முள்ளு மாதிரி ஒரு துண்டு நின்னுடும். நகம் வளர வளர அது சதையில் இறங்கும். முனை இறுக்கமான செருப்பு, ஷூ, விரல்ல ஏதாவது விழுந்து அடிபடுறது, இவையும் காரணம்.

குளிச்ச பிறகு நகம் மெத்துன்னு இருக்கும். அப்போ நல்ல வெளிச்சத்தில், நகவெட்டியால் நேராக வெட்டுங்க. பிளேடு, ஊக்கு வேண்டாம். ரொம்ப ஒட்டவும் வெட்டாதீங்க. ஓரம் கூராக இருந்தால் லேசாக ராவி விட்டால் போதும்.

வலி ஆரம்பம்னா, வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில் 10, 15 நிமிஷம் காலை வைங்க. தினம் மூணு நாலு தடவை செய்யலாம். ஈரம் துடைச்சுட்டு, சதையைப் பஞ்சால் நகத்தை விட்டு மெதுவாக ஒதுக்கி விடுங்க. சில நாளில் குறையலைன்னாலோ, சீழ் வந்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. தேவைப்பட்டால் விரல் மரத்துப்போக ஊசி போட்டு, குத்துற ஓரத்தை மட்டும் எடுப்பாங்க. பெரும்பாலும் அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம்.

சர்க்கரை இருக்கிறவங்களுக்கு இந்த வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது. உப்புத் தண்ணிகூட வேண்டாம். காலில் உணர்ச்சி குறைஞ்சிருந்தால் தண்ணி கொதிக்கிறதுகூடத் தெரியாது. நேரே டாக்டர்கிட்ட காட்டணும்.

எங்கம்மாவுக்குச் சர்க்கரை. ஊக்கால் நக ஓரத்தைத் தோண்டியிருக்காங்க. வலி தெரியலை. புண்ணானதையும் புடவைக் கரையில் மறைச்சுட்டாங்க. ஊரார் காலையெல்லாம் பார்த்த நான், பெத்தவ காலைப் பார்க்கலை. கடைசியில் விரலையே எடுக்க வேண்டியதாச்சு. "ஏம்மா சொல்லலை?"ன்னு கேட்டேன். "நகம்தானே, வேலைக்குப் போற பொண்ணை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு இருந்துட்டேன்"னாங்க. அந்த வார்த்தை இன்னும் என்னை விடலை.

2021-ல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிற பெண் தன்னார்வலர்கள், நம்மைப் போல சுய உதவிக் குழுவில் இருந்து போனவங்கதான். கூச்சப்படாம அவங்ககிட்ட காலையும் காட்டுங்க. சர்க்கரை இருந்தால் தினமும் விரல் இடுக்கு, உள்ளங்கால் பாருங்க. குனிய முடியலைன்னா மகளையோ மருமகளையோ பார்க்கச் சொல்லுங்க.

இன்னொரு வேண்டுகோள். அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு எழுதி முடிச்சதும், நொண்டி நடக்கிற சகோதரியை உட்கார வெச்சு "காலைக் காட்டு"ன்னு கேளுங்க. கடனுக்கு ஒருத்தருக்கு ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்கிற நாம, இதுக்கும் ஏத்துக்கலாம்.